சொந்தக் கொடியை ஏற்றக்கூடாது

மார்ச் 4

அடி வாலு,

சளி போயிற்றா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் செய்தி. நமக்கு நாடு வந்துவிட்டது!

தனி நாடு கேட்டுப் போட்ட ஓட்டை எண்ணி முடித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். அதில் ஒன்று நான் ஒன்பது மணி நேரம் வரிசையில் நின்று போட்டது. கால் வீங்கிப்போய், உன் அத்தான் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பஸ் ஓட்டுகிற மனுஷன், அன்றைக்கு என்னைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். செப்டம்பரிலிருந்து நாம் தனி நாடு.

இதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது, உட்கார்ந்துகொண்டு படி. நேற்று எங்கள் கூடாரப் பட்டறைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். புயலில் கிழியாமல் துணி தைக்கத் தெரிந்தவர்கள் நாங்கள்தானாம். முதலாளி என்னைக் காட்டி, "இந்தம்மா தைச்ச கூடாரம் பறந்துபோனதா சரித்திரமே இல்ல சார்" என்றார். உலக நாடுகளெல்லாம் கூடுகிற மன்றத்து முற்றத்தில் ஏறப்போகும் நம் முதல் கொடியை நான் தைக்கப்போகிறேன்!

எந்த மன்றம்? நீ தினமும் கொடி ஏற்றி இறக்குகிற அதே மன்றம். நான் தைப்பேன், நீ ஏற்றுவாய். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடிக்கு என்ன அளவு, என்ன துணி, எல்லாவற்றையும் உடனே எழுது.

சளி போயிற்றா?

அக்கா

மார்ச் 19

என் அருமை அக்கா,

சளி போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்துக் கத்திய கத்தலில் தொண்டைதான் போய்விட்டது. இங்கே எங்கள் சாமான் அறையில் எட்டுப் பேருக்கும் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். அவரே எழுந்து வந்து கை கொடுத்தார்.

அளவைக் கேட்டுக்கொள். உயரம் நூற்றிருபது சென்டிமீட்டர், நீளம் நூற்றெண்பது. எல்லா நாட்டுக்கும் இதுதான். கோடிக்கணக்கில் ஜனம் உள்ள நாடானாலும், ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம் போன்ற நாடானாலும், கொடி ஒரே அளவு, கம்பம் ஒரே உயரம். கொடி சதுரமாக உள்ளவர்களும் பரப்பில் மற்றவர்களை மிஞ்சக்கூடாது. இந்த முற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். காற்று அடிக்கிற ஓரம்தான் முதலில் பிய்யும், அங்கே நாலு வரிசை தையல் போடு. கயிறு கட்டுகிற பக்கம் கெட்டித் துணி வை.

கொடிகள் பெயரின் அகரவரிசையில் நிற்கின்றன. நாம் வரிசைக்கு நடுவில் நுழைகிறோம், அதனால் நமக்குப் பின்னால் இருக்கிற தொண்ணூற்று மூன்று நாடுகளும் ஆளுக்கு ஒரு கம்பம் தள்ளிப் போகவேண்டும். கடைசியில் புதுக் கம்பத்துக்குக் குழி தோண்டியாகிவிட்டது. பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று இடம் பிடிக்கிற மாதிரி, நீங்கள் போட்ட ஓட்டுக்கு உலகத்தில் பாதி நகர்ந்து உட்காருகிறது அக்கா!

இங்கே வேடிக்கையான வழக்கம் ஒன்று உண்டு. யாரும் தன் சொந்த நாட்டுக் கொடியை ஏற்றக்கூடாது. முன்பு ஒருவர் தன் கொடியை மட்டும் தினம் இஸ்திரி போட்டு, ஒரு சாண் உயர்த்திக் கட்டினாராம். அன்றிலிருந்து வந்த கட்டுப்பாடு. ஒல்லி என்று எங்களோடு ஒருவர் இருக்கிறார், பத்து வருஷமாகத் தன் கொடியைத் தொட்டதில்லை. மழை வந்தால் மட்டும் தூரத்தில் நின்று, "சீக்கிரம் எறக்குங்கப்பா, நனையுது" என்று பதறுவார்.

அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? கொடியின் படம் வந்ததும் அனுப்பு.

உன் வாலு

ஏப்ரல் 2

வாலு,

நாங்கள் சௌக்கியம். அத்தானின் முதுகைப் பற்றிக் கேட்காதே, அவரே நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேசுகிறார்.

கொடி முடிவாகிவிட்டது. கருநீலத் துணி. கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குச் சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை. கம்பத்தை ஒட்டி மேலே ஐந்து மஞ்சள் வட்டம். நீலம் கடலாம். வெள்ளை சமாதானமாம். எல்லா நாட்டுக் கொடியிலும் வெள்ளை சமாதானம்தான் போலிருக்கிறது, அப்புறம் யார்தான் சண்டை போடுகிறார்கள்? ஐந்து வட்டமும் ஐந்து மாவட்டம். முதலில் நாலுதான் இருந்தது. ஐந்தாவது மாவட்டத்துக்காரர்கள் கொடிக் கமிட்டியின் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து தங்கள் வட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பட்டை ஏன் சாய்வு என்று கேட்டேன். "ஏறிக்கிட்டே இருக்கோம்னு அர்த்தம்மா" என்றார் அதிகாரி. எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீளும். தைக்கும்போது உயிரை வாங்கும்.

அது என்ன சொந்தக் கொடியை ஏற்றக்கூடாது என்று ஒரு வழக்கம்? அப்படியானால் நீ எப்படி ஏற்றுவாய்? பதில் எழுது.

இன்னொன்று. வெளியூரில் இருக்கிற நம் ஆட்கள் ஆகஸ்ட் 31-க்குள் புது நாட்டுக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டுமாம். தவறினால் அப்புறம் விருந்தாளியாகத்தான் வந்து போகலாம். அதற்கான விண்ணப்பப் பாரம் இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு.

அக்கா

ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். இங்கே காற்றுக் காலம் தொடங்கிவிட்டது, உள்ளங்கையெல்லாம் கயிற்றுத் தழும்பு.

பயப்படாதே. என் காகிதங்களில் இன்னும் பழைய நாடுதான் இருக்கிறது. மீட்டர் தன் பட்டியலைப் பார்த்து, "பழைய நாட்டுக் கொடியத்தான் நீ தொடக்கூடாது, புதுசுக்குத் தடையில்ல" என்றார். நம் கொடி ஏறப்போகிற செப்டம்பர் பதினாறாம் தேதியில், நம் கம்பத்துக்கு நேராக என் பெயரை எழுதியும்விட்டார். பென்சிலால்தான், ஆனாலும் எழுதிவிட்டார்!

வெறும் கயிற்றில் தினம் பழகுகிறேன். ஏற்றுவது விறுவிறு என்று, இறக்குவது நிதானமாக. பாதியில் நிற்கக்கூடாது, பாதியில் நின்றால் துக்கம் என்று அர்த்தம். தரையில் படக்கூடாது. தலைகீழாகப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு நாட்டுக்காரர்கள் போர்க்காலத்தில் மட்டும் தங்கள் கொடியைத் தலைகீழாக ஏற்றுவார்களாம். கொஞ்சம் அசந்தால் நானே ஒரு போரைத் தொடங்கிவிடுவேன்.

இன்னொரு கதை கேள். முன்பு இரண்டு நாடுகள் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு வந்த பிறகுதான் இரண்டு பேர் கொடியும் ஒன்றே என்று கண்டுபிடித்தார்களாம். அப்புறம் ஒரு நாடு தன் கொடியில் ஒரு கிரீடம் சேர்த்துக்கொண்டது. ஒரே மாதிரி புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள் மாதிரி முழித்திருப்பார்கள். நம் நீலமும் சாய்வுப் பட்டையும் இங்கே யாரிடமும் அப்படியே இல்லை, பார்த்துவிட்டேன்.

தைத்தாயா? எவ்வளவு ஆயிற்று?

வாலு

மே 30

என் வாலு,

உனக்கும் உன் உள்ளங்கைக்கும் அக்காவின் முத்தம்.

கொடி முடிந்துவிட்டது! அதிகாரியின் பையில் இந்தக் கடிதத்தோடு சேர்ந்து வருகிறது. சாய்வுப் பட்டையை மூன்று தடவை பிரித்தேன். காற்றோரத்தில் நீ நாலு வரிசை சொன்னாய், நான் ஆறு போட்டிருக்கிறேன். பட்டறையில் இருபது பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். கொடியை விரித்துப் பிடித்ததும் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு டீச்சரம்மா செப்டம்பர் பதினாறு அன்று டிவியை வாசலுக்கே கொண்டுவந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். "ஏத்தப்போறது உங்க தங்கச்சியா? நெசமாவா?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி அலுக்கவில்லை.

கொடியில் உனக்கு ஒரு சின்ன ஆச்சரியம் வைத்திருக்கிறேன். நீ கண்டுபிடிப்பாயா பார்ப்போம்.

பாரம் கொடுத்துவிட்டாய் அல்லவா? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம்தானே.

கொடி வந்தது. பெட்டியைத் திறந்ததும் அந்த நீலத்தைப் பார்க்க எல்லாரும் சூழ்ந்துகொண்டோம். ஒல்லி ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இது துணியா, தோலா?" என்றார். இந்தப் பத்து வருஷத்தில் இப்படி ஒரு தையலைப் பார்த்ததில்லையாம்.

அப்புறம் மீட்டர் டேப்பை எடுத்தார்.

நீளம் நூற்று எண்பத்தாறு. உயரம் நூற்று இருபத்து நாலு. மறுபடி அளந்தார். நானும் அளந்தேன், உன் ஆச்சரியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கை தவறிப் பெரிதாகிற கையா உன் கை? வேண்டுமென்றே செய்திருக்கிறாய்.

அக்கா, இதை ஏற்ற முடியாது. பக்கத்துக் கொடிகளோடு நின்றால் கண்ணுக்கே தெரியும். மீட்டர் என்னைத்தான் பார்த்தார். "ஏத்தக்கூடாது" என்று நானே சொன்னேன். மன்னித்துக்கொள். இதோடு திருப்பி அனுப்புகிறேன், ஓரத்தைப் பிரித்து அளவுக்கு வெட்டி அனுப்பு. ஆகஸ்ட் கடைசிக்குள் வராவிட்டால் ஏதோ ஒரு கம்பெனியில் அச்சடித்த கொடியை வாங்கி ஏற்றிவிடுவார்கள்.

கோபப்படாதே.

வாலு

ஜூலை 8

நலம். அத்தானும் நலம்.

ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். நான்கு விரல் கூடுதல். ஆயிரம் வருஷத்து நாடுகளுக்கு நடுவில் நம் கொடி புதிதாகப் பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை மாதிரி மிரண்டுகொண்டு நிற்கக் கூடாது என்று செய்தேன். அது ஒரு குற்றமா? பட்டறையில் எல்லாரும் பார்க்க, பிரித்த பெட்டி திரும்பி வந்து என் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. "என்னக்கா, பிடிக்கலையாமா?" என்று கேட்கிறார்கள்.

அந்த ஊர் மீட்டர் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். நீ சொன்னாய். நீ யார் பக்கம்?

பாரம் கொடுத்தாயா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன். நீ கொடியின் கதை, கயிற்றின் கதை எல்லாம் எழுதுகிறாய். இதற்கு மட்டும் உன் பேனாவில் மை தீர்ந்துவிடுகிறது. ஒரு வரி எழுது. கொடுத்தாயா, இல்லையா?

ஆகஸ்ட் 6

அக்கா,

நீ நன்றாக இருக்கவேண்டும், என்னைத் திட்டுவதற்காவது.

கொடுக்கவில்லை. பாரம் நிரப்பி, போட்டோ ஒட்டி, என் தலையணைக்கடியில் நாலு மாதமாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நிமிஷத்தில் நான் நம் நாட்டுக்காரி ஆகிவிடுவேன். அப்புறம் அது என் சொந்தக் கொடி, நான் தொடக்கூடாது. கொடுக்காவிட்டால் ஏற்றலாம். இதுதான் விஷயம். உனக்குத் தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்று மறைத்தேன். பழைய நாட்டின்மேல் எனக்கு ஒன்றும் காதல் இல்லை.

நீ ஒன்பது மணி நேரம் நின்றாய். அத்தான் செருப்பைத் தூக்கினார். ஐந்தாவது மாவட்டத்துக்காரர்கள்கூட வாசலில் உட்கார்ந்தார்கள். நான் இந்த நாட்டுக்கு என்ன செய்தேன் அக்கா? ஓட்டுக்கூடப் போடவில்லை. பன்னிரண்டு வருஷமாக மற்ற நாட்டுக் கொடிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நம் கொடியை ஒரே ஒரு தடவை மேலே கொண்டுபோய்விட்டால் எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஆயுசுக்கும் விருந்தாளியாக வந்துபோனாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். நினைக்கிறேன். தெரியவில்லை.

அளவு விஷயத்தில் நான் சொன்னது சரிதான், அதில் மாற்றம் இல்லை. நம் கொடி பெரிதாக நிற்க வேண்டாம் அக்கா. சமமாக நிற்கட்டும். அதற்காகத்தானே அத்தனை பேரும் ஓட்டுப் போட்டீர்கள்?

வாலு

ஆகஸ்ட் 17

அடி அசடே,

நாங்கள் சௌக்கியம், இது அவசரத் தபால், அதனால் விசாரணை எல்லாம் இவ்வளவுதான்.

கொடியை வெட்டிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, "நான்தான் பெருசா தைச்சேன், எந்தங்கச்சிதான் கண்டுபிடிச்சா" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தேன். நீ சமம் என்று எழுதியிருந்த வரியை டீச்சரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் அதைக் கரும்பலகையில் எழுதிப் போடப்போகிறாராம். நூற்றிருபது, நூற்றெண்பது. முதலாளி, நான், அத்தான், மூன்று பேர் அளந்தோம். பையில் வருகிறது.

இப்போது மற்றது. தங்கச்சி ஏற்றுவாள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது நான்தான். அதனால் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. பெயர்ப் பட்டியலில் உன் பெயர் இருக்கட்டும் என்று நினைத்தால் இருக்கட்டும். நான் தெருவில் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டுவேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். அந்த வரிசையில் நான் கால் வீங்க நின்றது நீ ஒரு நாள் கயிறு இழுப்பதற்காக அல்ல. நீ திரும்பி வரும்போது எல்லையில் எவனாவது, "எத்தனை நாள் தங்குவீங்க?" என்று உன்னைக் கேட்கக்கூடாது என்று நின்றேன்.

முடிவு உன்னுடையது. எனக்கு உன்மேல் கோபம் இல்லை.

அக்கா

செப்டம்பர் 2

என் அக்காவுக்கு,

கொடி வந்தது. மீட்டர் அளந்தார். ஒரு நூல் கூடவும் இல்லை, ஒரு நூல் குறையவும் இல்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இவங்க எங்ககிட்ட வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி ஆபீஸ் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது பாரத்தைக் கொடுத்தேன். வாங்கியவர் முத்திரை குத்திவிட்டு, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றார். அழுதுவிட்டேன். அவரும் சேர்ந்து அழுதார். அவரும் நம் ஊர்தான்.

மறுநாள் நானே போய் மீட்டரிடம் சொன்னேன். ரப்பரால் என் பெயரை அழித்தார். ஒல்லியின் பெயரை எழுதினார். ஒல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன் அக்கா கொடி, நான் பத்திரமா கொண்டுபோறேன்மா" என்றார். அவரைவிட நல்ல கை இங்கே கிடையாது.

அன்றைக்கு எனக்கு எந்தக் கம்பமும் இல்லை. எங்கே நிற்பேன் என்றும் தெரியவில்லை. டிவியில் என் கையைத் தேடாதே. தெருவில் எல்லாரும் உன்னைக் கேட்பார்கள் என்று நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு.

வாலு

செப்டம்பர் 17

வாலு! வாலு! வாலு!

நாங்கள் சுகம், நீ சுகம், அது எனக்கே தெரியும், நான்தான் பார்த்துவிட்டேனே!

நேற்று டீச்சரம்மா வாசலில் நூற்றைம்பது பேர். நீ ஏற்றவில்லை என்பதை நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். பாட்டு தொடங்கியது. கொடியைக் கொண்டுவந்தார்கள். கயிற்றைக் கட்டினார்கள். டிவியில் தெரிந்தது ஒரு கையுறை, அவ்வளவுதான். ஒல்லியின் முகமா, மூக்கா, ஒன்றும் காட்டவில்லை. கொடி விறுவிறு என்று ஏறியது. மேலே போய்க் காற்றில் ஒரு உதறு உதறி விரிந்தது பார், பட்டையில் ஒரு சுருக்கம் இல்லை! இரண்டு பக்கத்துக் கொடியோடும் தோளோடு தோளாக நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குள் படம் கீழே கூட்டத்துக்குப் போய்விட்டது. நம் தூதுக்குழுவில் வந்தவர்கள் மூன்றே பேர். அவர்களுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிற்பது யார்? உன்னைத்தான் காட்டினார்கள் அடி! அப்படியே நிறுத்திக் காட்டினார்கள். தெருவே எழுந்துவிட்டது. "நம்ம வாலுடா! நம்ம வாலு!" அத்தான் முதுகுவலியை மறந்து நாற்காலிமேல் ஏறிவிட்டார், இறக்குவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது.

நீ கயிறு இழுத்திருந்தால் எங்களுக்கு ஒரு கையுறைதான் கிடைத்திருக்கும்.

அப்போது டிவியில் பேசுகிறவர், உன் பெயர் தெரியாமல், "புதிய நாட்டின் குடிமகள் ஒருவர், தன் கொடியை முதன்முதலாகப் பார்க்கிறார்" என்றார். கூட்டம் கத்திய கத்தலில் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நான் கத்தவில்லை. டிவிக்குப் பக்கத்தில் போய் உன் கன்னத்தைத் தொட்டேன், கண்ணாடி சூடாக இருந்தது.

எப்போது வருகிறாய்? எல்லையில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் நாட்டுக்காரி